புறப்பட்ட நேரத்திலேயே போய்ச் சேரும் ஊர்

பினாங்கில் இருப்பவர்களிடம் "கோலாலம்பூர் பக்கமா, மேடான் பக்கமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் யோசிக்காமல் கோலாலம்பூர் என்பார்கள். மேடான் வெளிநாடு அல்லவா! நடுவில் கடல் வேறு இருக்கிறது.

வரைபடம் வேறு கதை சொல்கிறது. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 325 கிலோமீட்டர். அதே இடத்திலிருந்து மேடானின் குவாலாநாமு விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர்தான். நம் நாட்டுத் தலைநகரைவிடச் சுமத்ராவின் மிகப் பெரிய நகரம் பினாங்குக்கு நெருக்கம்.

மேடான்காரர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. அவர்களுடைய ஜகார்த்தா விமான நிலையம் ஏறக்குறைய 1,380 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை பினாங்கு.

இந்த 240 கிலோமீட்டரைக் கடந்த ஆண்டு ஒருமுறை கடந்து வந்தேன். சுற்றுலா போகவில்லை. என் தாத்தாவின் அண்ணன் பிள்ளைகள் அந்தக் கரையில் இருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பயணத்தைப் பார்ப்போம்.

கடிகாரத்தின் வித்தை

பயணச்சீட்டைக் கையில் வாங்கியதும் ஒன்று கண்ணில் படும். காலை 10.00 மணிக்குப் பினாங்கில் புறப்படும் விமானம் 9.55 மணிக்கு மேடானில் இறங்குவதாகப் போட்டிருக்கும். அச்சுப்பிழை இல்லை. பயணம் 55 நிமிடம். மேடான் கடிகாரமோ நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. ஆகவே ஏறிய நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே இறங்கிவிடுகிறோம்!

திரும்பி வரும்போது கடன் வட்டியோடு வசூலாகிவிடும். அங்கே 10 மணிக்கு ஏறினால் இங்கே 12 மணிக்குப் பக்கத்தில் இறங்குவோம். அதே கடல், அதே தூரம், கடிகாரப்படி இரண்டு மணி நேரம்.

சூரியனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் ஒன்றரைப் பாகைகூட வித்தியாசம் இல்லை. அதன்படி சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஆறு நிமிடம்கூட மாறாது. மற்ற ஐம்பத்து நான்கு நிமிடமும் அரசாங்கங்கள் போட்டுக்கொண்டது. 1981 வரை தீபகற்ப மலேசியாவுக்கும் சுமத்ராவுக்கும் அரை மணி நேர வித்தியாசம்தான் இருந்தது. நாடு முழுவதும் சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைத்தோம். சிங்கப்பூரும் கூடவே தள்ளி வைத்தது. அன்றிலிருந்து பினாங்கும் மேடானும் ஒரு மணி நேரம் விலகி நிற்கின்றன. ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு அந்தப் புத்தாண்டு நினைவிருக்கலாம்.

55 நிமிடத்தில் பறப்பது எவ்வளவு?

ஜெட் விமானம் உச்ச வேகத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும். அந்தக் கணக்கில் 240 கிலோமீட்டரைப் பதினெட்டு நிமிடத்தில் கடந்துவிட வேண்டுமே, 55 நிமிடம் எதற்கு?

சீட்டில் அச்சிடும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. நிறுத்துமிடத்தை விட்டுச் சக்கரம் நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிறுத்துமிடத்தில் நிற்கும்வரை அது கணக்காகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பிறகு மறுபடி ஊர்வது எல்லாம் அதில் அடக்கம். குறுகிய பயணத்தில் உச்ச வேகத்துக்கும் அதிக வேலை இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் மெதுவாகத்தான் போக வேண்டும். நீண்ட பயணங்களைப் போல 35 ஆயிரம் அடிக்கு ஏறிச் சாவகாசமாகப் பறக்க இங்கே இடமில்லை. ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடுகிறது.

நான் போன அன்று பினாங்குத் தீவின் தென்கோடி ஜன்னலில் சாய்ந்து மறைந்தது. பிறகு நீரிணை. மேலிருந்து பார்க்கும்போது கப்பல்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. விமானப் பணிப்பெண் தண்ணீர்ப் போத்தல் விற்றுக்கொண்டு பாதி வழிகூட வரவில்லை, இருக்கை வாரைப் போடச் சொல்லி அறிவிப்பு வந்துவிட்டது. கீழே பழுப்பு நிற ஆற்று முகத்துவாரங்கள், கட்டம் கட்டமாக இறால் குளங்கள், அதற்கு அப்பால் செம்பனை. நிபோங் திபாலுக்கு மேலே பறப்பது போலவே இருந்தது.

மடியில் எக்ஸ்ரே உறை

இந்தத் தடத்தில் யார் பறக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விமான நிலையத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். சக்கர நாற்காலிகளை எண்ணலாம். பெரிய எக்ஸ்ரே உறைகளை மடிக்காமல் கையில் பிடித்திருப்பவர்களை எண்ணலாம். பினாங்கின் தனியார் மருத்துவமனைகளுக்கு வரும் வெளிநாட்டு நோயாளிகளில் பெரும் பகுதியினர் இந்தோனேசியர்கள், அதிலும் வட சுமத்ராக்காரர்கள். அந்த மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள தெருக்களில் அறை வாடகைக்கு விடுவோர், சோற்றுக்கடை வைத்திருப்போர், பணம் மாற்றுவோர் எல்லாருக்கும் மேடான் பேச்சு அத்துப்படி.

என் பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. பெரிய உறையும் மருந்துப் பையும் மடியில் இருந்தன. கணவருக்கு இதய சிகிச்சை முடிந்து ஆறு மாதப் பரிசோதனைக்கு வந்து திரும்புகிறார்கள். கணவர் ஜன்னல் ஓரத்தில் கண்ணை மூடியிருந்தார்.

"ஜகார்த்தாவிலும் நல்ல மருத்துவர்கள் இருப்பார்களே?" என்று மலாயில் கேட்டேன்.

"இருக்கிறார்கள். ஆனால் ஜகார்த்தா தூரம். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. பினாங்கில் டாக்டர் பேசுவது புரிகிறது, சாப்பாடும் பழகிவிட்டது. வலி வந்தால் காலையில் கிளம்பி மத்தியானம் டாக்டரைப் பார்த்துவிடலாம்" என்றார்.

நமக்கு 55 நிமிடம் என்பது வார இறுதிச் சுற்றுலாவுக்கான வசதி. அவருக்கு அது கணவரின் மூச்சுக்கும் மருத்துவருக்கும் இடையே உள்ள தூரம். ஒரு நகரத்தின் அவசர வைத்தியத்துக்கான நம்பிக்கை இன்னொரு நாட்டில் இருக்கிறது. இரண்டு நாட்டுக் குடிமக்களும் குறுகிய காலப் பயணத்துக்கு விசா எடுக்க வேண்டியதில்லை என்பதும் இதற்குப் பெரிய துணை.

இடம் மாறிய விமான நிலையம்

மேடானுக்கு முன்பு போய்வந்தவர்கள் பொலோனியா விமான நிலையத்தை மறந்திருக்க மாட்டார்கள். நகரத்துக்குள்ளேயே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் போலந்து நாட்டுத் தோட்டக்காரர் ஒருவர் அங்கே புகையிலை பயிரிட நிலம் வாங்கித் தன் தாய்நாட்டின் பெயரை வைத்தார். அந்தப் பெயர் விமான நிலையத்துக்கும் நிலைத்துவிட்டது. வீட்டுக் கூரைகளை உரசுவது போல விமானங்கள் ஏறி இறங்கும். 2005 செப்டம்பரில் அங்கிருந்து கிளம்பிய விமானம் ஒன்று குடியிருப்புப் பகுதியில் விழுந்து, பயணிகளும் கீழே இருந்தவர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

குவாலாநாமு 2013 ஜூலை 25 அன்று திறக்கப்பட்டது. அது கடற்கரைப் பக்கம் இருப்பதால் பினாங்குக்கான வான்வழித் தூரம் 20 கிலோமீட்டர் போலக் குறைந்தது. ஆனால் நகரத்துக்கான தரைவழி கூடிவிட்டது. வானில் மிச்சம் பிடித்ததைத் தரையில் செலவழிக்கிறோம். நல்லவேளையாக, விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் வருகிறது. இந்தோனேசியாவில் விமான நிலையத்தையும் நகரத்தையும் இணைத்த முதல் ரயில் அதுதான். மெர்டேக்கா திடலுக்கு எதிரே உள்ள மேடான் நிலையத்தில் இறக்கிவிடுகிறது.

என் பயணத்தை வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டேன். காலை 7 மணிக்குப் பாயான் பாருவில் வீட்டைப் பூட்டினேன். மேடான் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது என் கைக்கடிகாரத்தில் மதியம் 12.30. மொத்தம் ஐந்தரை மணி நேரம். அதில் வானில் இருந்தது முக்கால் மணிக்கும் குறைவு. மற்றதெல்லாம் வரிசை: பெட்டி கொடுக்க ஒன்று, குடிநுழைவில் இரண்டு, சுங்கத்தில் ஒன்று. நெடுஞ்சாலை நெரிசல் இல்லாத நாளில் காரில் கோலாலம்பூருக்கே போயிருக்கலாம். தூரம் எவ்வளவு என்று வரைபடம் சொல்லும். எவ்வளவு நேரம் என்பதை எல்லைக் கோடுதான் சொல்கிறது.

கோடு போட்டது யார்?

அந்தக் கோடு 1824 மார்ச் 17 அன்று லண்டனில் போடப்பட்டது. பிரிட்டிஷாரும் டச்சுக்காரர்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, நீரிணைக்கு இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மலேசியா, இந்தோனேசியா என்ற இரண்டு நாடுகளின் எல்லைக்கு விதை அதுதான்.

கோடு போட்ட பிறகும் மக்கள் கடந்துகொண்டுதான் இருந்தார்கள். 1863இல் நீன்ஹுயிஸ் என்ற டச்சுக்காரர் மேடானைச் சுற்றியிருந்த டெலி சீமையில் புகையிலை பயிரிடத் தொடங்கினார். சுருட்டின் மேல் சுற்றும் இலைக்கு டெலிப் புகையிலைக்கு நிகர் இல்லை என்று ஐரோப்பா கொண்டாடியது. தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. சீனர்கள், ஜாவானியர்கள், அவர்களோடு தமிழர்கள். இந்தியாவிலிருந்து நேரடியாக ஆள் எடுக்க டச்சுத் தோட்டக்காரர்களுக்கு வழி கிடைக்காததால், நம்மவர்கள் பெரும்பாலும் பினாங்கு வழியாகவே போனார்கள். சாலை போடுவது, வடிகால் வெட்டுவது, மாட்டுவண்டி ஓட்டுவது அவர்கள் வேலையாக இருந்தது. பினாங்கில் செலாவணியான டாலர் நாணயம்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை டெலியிலும் புழங்கியது. அந்தக் காலத்தில் டெலிக்காரர்களுக்குச் சந்தை, வங்கி, துறைமுகம் எல்லாம் பினாங்குதான்.

பினாங்கிலிருந்து பெலவான் துறைமுகத்துக்குக் கடல்வழி சுமார் 140 கடல்மைல். மணிக்குப் பத்துக் கடல்மைல் போகும் நீராவிக் கப்பலில் பதினான்கு மணி நேரம், அதாவது ஓரிரவுப் பயணம். பிற்காலத்தில் விரைவுப் படகு வந்தபோது அது ஐந்து மணி நேரம் போலக் குறைந்தது. மலிவு விலை விமானங்கள் பெருகிய பிறகு படகுச் சேவை நின்றுபோனது.

கம்போங் மெட்ராஸ்

மேடானில் நம்மவர்கள் குடியேறிய பகுதிக்கு இன்றைய பெயர் கம்போங் மெட்ராஸ். முன்பு கம்போங் கெலிங். அங்கேயுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1884இல் எழுந்தது. பினாங்கு குயின் ஸ்திரீட் மாரியம்மன் அதற்கு அரை நூற்றாண்டு மூத்தவள், 1833. கோபுரத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிடலாம்.

கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் தமிழில் பேசினேன். தமிழிலேயே பதில் சொன்னார். பக்கத்தில் இருந்த அவர் பேரன், பதின்ம வயதுப் பையன், சிரித்தான். கேட்டதற்கு இந்தோனேசிய மொழியில் பதில் சொன்னான். அவன் கைப்பேசியில் தேவாரப் பாடல் ஒன்று ரோமன் எழுத்தில் இருந்தது. ராகம் பிசகாமல் பாடிக் காட்டினான். பொருள் கேட்டபோது தாத்தாவைப் பார்த்தான்.

குறை சொல்ல இதை எழுதவில்லை. பினாங்கில் மட்டும் நமக்கு 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நாளிதழ் இருக்கிறது, வானொலி இருக்கிறது. அந்தப் பையனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. கையில் இருந்ததை வைத்து அவர்கள் கோயிலைக் காப்பாற்றினார்கள், பெயரைக் காப்பாற்றினார்கள். நம் தாத்தாக்களில் யார் எந்தக் கப்பலில் ஏறினார் என்பதைப் பொறுத்துத்தான் நான் தமிழில் எழுதுகிறேன், அவன் ரோமனில் பாடுகிறான்.

மலாய் தெரியும் என்ற தைரியத்தோடு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேடானில் 'கெரெத்தா' என்றால் மோட்டார் சைக்கிள். கார் வேண்டுமென்றால் 'மோட்டோர்' என்று கேட்க வேண்டும்! 'பாஜாக்' என்றால் வரி இல்லை, சந்தை. 'பெர்ச்சுமா' என்று பலகையில் கண்டால் இலவசம் என்று ஓடாதீர்கள். அங்கே அதற்கு 'வீண்' என்று பொருள்.

பிஞ்சாய் அத்தை

மேடானிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேற்கே இருக்கிறது பிஞ்சாய். அரை மணி நேர ரயில். அங்கேதான் என் அத்தை இருக்கிறார். தாத்தாவின் அண்ணன் மகள், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு குடும்பங்களுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து இருந்தது. 1963இல் இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்துக் 'கொன்ஃப்ரொந்தாசி' தொடங்கியபோது போக்குவரத்தும் வணிகமும் அறுந்தன. எங்கள் கடிதங்களும் அதோடு நின்றன. 1966இல் சச்சரவு முடிந்தது. ஆனால் அதற்குள் முகவரிகள் மாறியிருந்தன, எழுதத் தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அண்மையில்தான் கோயில் பழக்கத்தின் மூலம் மறுபடி தொடர்பு கிடைத்தது.

அத்தை கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, "சாப்பிட்டியா மருமகனே?" அவருடைய தமிழ் என் பாட்டியின் தமிழ். இங்கே நாங்கள் மறந்துவிட்ட தோட்டத்துச் சொற்கள் அவர் வாயில் அப்படியே இருந்தன. அவருடைய மகன்களுக்கு நான் பேசியது பாதி புரிந்தது. பேரப்பிள்ளைகளுக்கு 'பாட்டி' என்ற சொல்லைத் தவிர எதுவும் புரியவில்லை. அத்தைதான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னார்.

"பினாங்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"ஒரு மணி நேரம்கூட இல்லை, அத்தை. 55 நிமிஷம்."

அவர் நம்பவில்லை. மகனிடம் கேட்டார். அவரும் தலையாட்டினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அத்தை சொன்னார்: "எங்கப்பா ஒரு ராத்திரின்னு சொல்வாரு. ஒரு ராத்திரிதான், அடுத்த வருஷம் போவோம், அடுத்த வருஷம் போவோம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. தம்பி மொகத்தப் பாக்காமலே போய்ட்டாரு."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் தாத்தாவும் இந்தக் கரையில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று மட்டும் சொன்னேன்.

அத்தையின் பெயரில் இதுவரை கடப்பிதழ் எடுத்ததில்லை. அந்த வாரமே விண்ணப்பிக்கலாம் என்று மகன் சொன்னார். மூட்டு வலியோடு விமானப் படியில் ஏற முடியுமா என்று மருமகள் கவலைப்பட்டார். சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம், இந்தத் தடத்தில் அது வழக்கமான காட்சி என்று விளக்கினேன்.

போக நினைப்பவர்களுக்கு

பினாங்கிலிருந்து மேடானுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பறக்கின்றன. விடுமுறைக் காலத்தைத் தவிர்த்தால் கட்டணம் கையைக் கடிக்காது. கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிடுங்கள். திரும்பும் நாளில் அந்த ஒரு மணி நேரத்தை மறக்காமல், அழைத்துப்போக வருபவரிடம் மலேசிய நேரத்தைச் சொல்லுங்கள். மாரியம்மன் கோயிலோடு, தமிழ் ஏசு சபைப் பாதிரியார் ஜேம்ஸ் பாரதபுத்திரா எழுப்பிய அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தையும் பாருங்கள். கோபுரமும் குவிமாடமும் கலந்த அந்தக் கட்டடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயம் என்றே தோன்றாது.

இன்னொன்று. வடமாநிலங்களில் எத்தனையோ வீடுகளில் பழைய தகரப்பெட்டி ஒன்று இருக்கும். அதில் 'டெலி' என்றோ 'மேடான்' என்றோ முகவரி எழுதிய கடிதம் ஏதாவது கிடக்கிறதா என்று இந்த வாரம் பாருங்கள். கிடைத்தால் தள்ளிப்போட வேண்டாம். விமானம் நாளையும் பறக்கும், அடுத்த ஆண்டும் பறக்கும். அந்தக் கரையில் நம்மோடு தமிழில் பேசக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயது.